தேள் வண்டியின் இரண்டு பாதிகள்

லைசென்ஸில் இருக்கும் பேரைச் சொல்லித் தேடினால் அவள் வீட்டுக்கு ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். கிளட்ச் மேடம் என்றால் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள். முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் வண்டியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டில், காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக்கும் தனியாக ஒரு கிளட்சும் வைத்துக்கொண்டு, "கிளட்ச்! கிளட்ச்! அமுக்கித் தொலைங்க!" என்று கத்திக் கத்தி அவள் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. பேங்க் மேனேஜரும் அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறார், டாக்டரம்மாவும் வாங்கியிருக்கிறார். போதாததற்கு அவள் இடக்கைக்காரி. படிக்க வந்தவர் கொஞ்சம் தடுமாறினாலும் அந்த இடக்கை பாய்ந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கும்.

முப்பது வருடமும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனது. அடுத்தவர் வளைக்கிற ஸ்டியரிங், அடுத்தவர் மிதிக்கிற ஆக்ஸிலேட்டர். இவளுக்கென்று இருந்தது ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் மட்டும். அதனால்தான் இந்தக் கிறுக்குப் பிடித்தது என்று அவள் கணவர் சொல்வார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர், எதையும் இரண்டு தடவை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கிறுக்கு என்றால் இத்தாலிக்காரர்களின் குட்டிக் கார்கள் மேல். அதிலும் சாதாரணக் குட்டிக் கார் போதாது, வேகத்துக்கென்று முறுக்கேற்றியதாக இருக்க வேண்டும்.

குடியிருப்புக்குப் பின்னால் ஷட்டர் போட்ட கொட்டகைகள் வரிசையாக இருந்தன. அதில் மூன்றை வாடகைக்கு எடுத்திருந்தாள். முதல் கொட்டகையில் ஐந்து வருடத்துக்கு முன்னால் வாங்கிய புது அபார்த் கம்பெனிக் கார், மூக்கில் அந்தக் கம்பெனியின் தேள் சின்னம். அதை ஸ்டார்ட் பண்ணினால் மேல்மாடிவரை ஜன்னல் அதிரும் என்று மூன்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். அந்த மனுவைக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். இரண்டாவதில் எண்பதுகளில் வந்த சதுரமான டர்போ கார். டர்போ வேலை செய்யத் தொடங்கினால் முதுகில் யாரோ எட்டி உதைத்த மாதிரி இருக்கும்.

மூன்றாவதுதான் உயிர். அறுபதுகளில் வந்த ஃபியட்டின் சின்னக் காரை அபார்த் பட்டறையில் முறுக்கி, தேளை ஒட்டி வெளியே விட்டது. நாலு பேர் சேர்ந்தால் தூக்கி நகர்த்திவிடலாம், அவ்வளவுதான் அது. இன்ஜின் பின்னால் இருக்கும். சூடு தணிய வேண்டும் என்று பின்மூடியைச் சாத்தாமல், கம்பி கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். சிக்னலில் நின்றால் பைக்கில் வருகிறவர் ஒருவராவது கண்ணாடியைத் தட்டி, "மேடம், டிக்கி திறந்திருக்கு" என்பார். "உங்க வாயும்தான் திறந்திருக்கு, நான் ஏதாவது சொன்னேனா?" என்பாள். உதவி செய்ய வந்தவரிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்டால், பேசலாம் என்றுதான் சொல்வாள்.

இந்த வண்டி சேர்க்கிற கூட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள், கையைக் குலுக்குவார்கள், கண் மட்டும் அடுத்தவன் வண்டிக்கு அடியில் இருக்கும். எங்கே போலி, எங்கே ஒட்டு, எங்கே பூசி மறைத்திருக்கிறான் என்று மோப்பம் பிடிப்பதில்தான் அவர்களுக்குப் பரம சந்தோஷம். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சாதாரணச் சின்னக் காரை வாங்கி, ஒரு தேளை ஒட்டி, பின்மூடியைத் தூக்கி நிறுத்தினால் பார்ப்பவருக்கு அதுவும் அபார்த்துதான். அசலா என்று கண்டுபிடிக்க நம்பரைத்தான் பார்க்க வேண்டும். உடம்பில் ஒரு நம்பர் அடித்திருக்கும், இன்ஜினில் ஒரு நம்பர் அடித்திருக்கும். இவர்கள் சங்கத்தின் பழைய ஏட்டில் அந்த இரண்டும் ஒரே வரியில் இருந்தால் முழு வண்டி. இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டது.

கிளட்ச் மேடத்தின் வண்டி ஒட்டுப்போட்டதுதான். உடம்பு அசல், இன்ஜின் வேறு. அசல் இன்ஜின் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆறு தெரு தள்ளி, அவள் தம்பி வீட்டில் இருந்தது.

தம்பி இன்சூரன்ஸ் சர்வேயர். நசுங்கின காரைச் சுற்றி வந்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக்கொடுக்கிற வேலை. சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டில் எங்கே கீறல் என்று பார்க்கிற கண் அவனுக்கு. பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்காவும் தம்பியும் ஆளுக்குப் பாதி போட்டு, மூடிப்போன ஒரு சலவைக் கடையின் பின்பக்கத்தில் கிடந்த இந்தத் தேள் வண்டியை வாங்கினார்கள். உடம்பு அக்கா கொட்டகைக்குப் போனது. இன்ஜினைப் பிரித்துச் சரிபண்ணத் தம்பி தன் வீட்டுக்கு எடுத்துப்போனான். இரண்டு வருடம் வேலை நடந்தது.

மாட்டுகிற நாளன்று இன்ஜினைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தான். கூடவே அவன் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஷட்டரைத் தூக்கினால் உடம்பு பளபளவென்று வெள்ளையாக நின்றது. அவனைக் கேட்காமல் பெயிண்ட் அடித்திருந்தாள்.

"இது சாம்பல் கலர் வண்டி. அடியில ஒரிஜினல் இருந்தது. அது மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி அடிச்சு வெச்சிருக்கியே, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

ஆபீஸ்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரு யாரைப் பாத்து மூளை இருக்கான்னு கேக்கறது? மூணு தடவை டெஸ்ட்டுல ஃபெயிலானவன்தானே நீ? நான் கையில கால்ல விழுந்து உனக்கு லைசென்ஸ் வாங்கித் தந்தேன். ஓட்டத் தெரியாதவன் எல்லாம் கலரைப் பத்திப் பேசக் கூடாது."

அவன் தள்ளுவண்டியைத் திருப்பினான். இன்ஜினோடு போய்விட்டான்.

அன்றைக்குப் போனவன்தான். அந்த இன்ஜினை வேறொரு சாதாரணச் சின்னக் காரில் மாட்டிக்கொண்டு, அவனும் தேள் ஒட்டி, அவனும் பின்மூடியைத் தூக்கி நிறுத்தினான். அவளும் கிடைத்த இன்ஜினைத் தன் உடம்பில் மாட்டினாள். ஒன்பது வருடமாகச் சங்கத்துக் கூட்டங்களில் ஒருவர் வண்டி இந்தக் கோடியில் நிற்கும், இன்னொருவர் வண்டி அந்தக் கோடியில் நிற்கும். அவள் அவனைத் திருடன் என்பாள். அவன் அவள் வண்டியைத் தகர டப்பா என்பான். எல்லாம் கண்ணாடிக்கடைக் கணவர் வழியாகத்தான். பாவம், அவர் இரண்டு பக்கமும் கேட்டு இரண்டு பக்கமும் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்வார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஏட்டை எழுதுகிற ஏட்டுக்காரர் வருகிறார் என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஏதோ தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு எட்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் இந்தப் பக்கம் வருவார். வண்டியில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து மையால் எழுதுவார். எழுதினது எழுதினதுதான், பிறகு அழிப்பது கிடையாது. தன் வண்டி அந்த ஏட்டில் முழு வண்டியாக ஏற வேண்டும். இதைவிட வேறு ஆசை அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"உங்க மச்சினன்கிட்டச் சொல்லுங்க, இன்ஜினைக் குடுக்கச் சொல்லி. ஏட்டுல ஏறட்டும். அப்புறம் வேணும்னா மாசத்துக்கு ஒரு நாள் அவனும் ஓட்டிக்கட்டும்" என்று கணவரை அனுப்பினாள்.

பதில் மறுநாளே வந்தது. "உடம்பைக் கொண்டாந்து என் வாசல்ல நிறுத்தச் சொல்லுங்க மாமா. மாசத்துக்கு ரெண்டு நாள் நான் குடுக்கறேன். எனக்கு அவளை மாதிரிச் சின்ன மனசு இல்ல."

சின்ன மனசு என்ற வார்த்தையையாவது கணவர் விழுங்கியிருக்கலாம். அன்றைக்கென்று பார்த்து அப்படியே சொல்லித் தொலைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் இருந்தது. தம்பி வெளியூரில் ஒரு லாரி கவிழ்ந்ததைப் பார்க்கப் போயிருந்தான். தம்பி மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள், நாத்தனாரோடு அவளுக்குச் சண்டை கிடையாது. "வாங்க அண்ணி, உங்க தம்பிதான் இல்ல" என்று கதவைத் திறந்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

"இல்லாதப்பத்தான் வருவேன். வண்டியை ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்."

கைப்பையில் அரம் இருந்தது. பக்கத்து ஷெட்டில் வண்டி பின்மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. இன்ஜினின் அடிவயிற்றில் விரலளவுக்கு ஒரு சப்பையான மேடு, அதில் ஆறு இலக்கம். இடக்கையை உள்ளே விட்டாள். தையல் மெஷின் ஓடுகிறபோது அரத்தை இழுத்தாள், மெஷின் நின்றபோது நிறுத்தினாள். கால் மணி நேரத்தில் அந்த இடம் நெற்றி மாதிரி வழுவழுவென்று ஆனது. உதிர்ந்த பொடியைக் கைக்குட்டையில் கூட்டி எடுத்தாள், மேலே கொஞ்சம் கிரீஸைத் தடவினாள். தனக்கு முழுசாக இல்லையென்றால் அவனுக்குப் பாதியும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. வெட்கமாக இருந்ததா என்றால் இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. பேச்சு வார்த்தை இருந்த காலத்தில், திருட்டு வண்டிக்காரர்களைத் தான் எப்படிப் பிடிக்கிறேன் என்று தம்பி சாப்பாட்டு மேஜையில் அளந்துகொண்டே இருப்பான். "உன் பீத்தலை நிறுத்திட்டுச் சாப்பிடுடா" என்று ஒரு நாளும் அவள் அவனை முழுசாகச் சொல்ல விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, லீவு விட்ட ஒரு தொழிற்சாலையின் வண்டி நிறுத்துமிடத்தில் இருபது குட்டிக் கார்கள் நின்றன. ஏட்டுக்காரர் ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரிச் சின்னக் கண்ணாடியுமாக ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பென்சிலில் குறித்துக்கொண்டார். மையால் எழுதுவது எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான்.

"உடம்பு அசல். இன்ஜின் வேற" என்றார் அவள் வண்டியைப் பார்த்து. தெரிந்ததுதான், ஆனாலும் சுருக்கென்றது.

தம்பி வண்டிக்கு வந்தார். டார்ச் உள்ளே போனது. வெளியே வரவே இல்லை. துணியால் கிரீஸைத் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"நம்பர் இல்லையே சார். தேச்சிருக்கு."

தம்பி சிரித்தான். ஜோக்கு என்று நினைத்துவிட்டான். பிறகு தானே குனிந்து பார்த்தான்.

கூட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "சர்வேயர் வண்டியிலயே நம்பரைக் காணோமா!" என்று ஒருவர் ஆரம்பித்தார். "தேச்ச இன்ஜினை வெச்சுக்கிட்டு ஊரான் வண்டிக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதறாரு. இவரு கம்பெனிக்குத் தெரியுமா இது?" என்றார் இன்னொருவர். நம்பர் தேய்த்த இன்ஜின் என்றால் திருட்டு இன்ஜின். அதைக் கண்டுபிடிக்கிற வேலையில் இருப்பவனிடமே அது இருந்தால் அவன் சர்வேயர் லைசென்ஸ் நாளைக்கு இருக்குமா என்பது சந்தேகம்தான். தம்பியின் காது மடல் சிவந்துபோனது. அவன் தோற்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள், அவனைத் திருடன் என்று ஊர் சொல்லும் என்று நினைக்கவில்லை. ஒன்பது வருடமாக அந்த வார்த்தையை அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வாயில் கேட்டபோது அது வேறு வார்த்தையாக இருந்தது.

தம்பி தன் வேலைப் பையை எடுத்துவந்தான். தேய்த்த இடத்தை மெல்லிய தாளால் கண்ணாடி மாதிரி வரும்வரை மெருகேற்றினான். ஒரு சின்னக் குப்பியிலிருந்து மருந்தைப் பஞ்சில் நனைத்து ஒற்றினான். துடைத்தான், மறுபடி ஒற்றினான்.

"நம்பர் மேல மட்டும் இருக்கறதில்ல" என்றான், யாரையும் பார்க்காமல். "நம்பர் அச்சை வெச்சு அடிக்கறப்ப அடியில உலோகம் நசுங்கி இறுகிப்போகும். மேல தேச்சாலும் அந்த இறுக்கம் போகாது. மருந்து பட்டா காட்டிக் குடுத்துடும்."

பத்து நிமிடம் யாரும் அசையவில்லை. முதலில் ஒரு வளைவு தெரிந்தது, பிறகு ஒரு கோடு. ஒவ்வொன்றாக ஆறு இலக்கமும் மங்கலாகக் கிளம்பி வந்தன. ஏட்டுக்காரர் அவசர அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டார். ஏட்டைப் புரட்டினார். விரலை ஒரு வரியில் வைத்தார்.

"அந்த வெள்ளை வண்டியோட நம்பரும் இதுவும் ஒரே வரி. ரெண்டு பாதியும் இங்கயே நிக்குது. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன். ஒண்ணா மாட்டிக் காட்டுங்க, முழு வண்டின்னு எழுதிட்டுப் போறேன்."

தம்பி வெள்ளை வண்டியைப் பார்த்தான். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஆனா தேச்சது யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றார் ஏட்டுக்காரர். "வெளி ஆளு செஞ்சதுன்னா பரவால்ல, படம் இருக்கு, எழுதிடலாம். சொந்தக்காரரே செஞ்சதுன்னா ரெண்டு பாதியையும் ஏட்டுலேந்து அடிச்சுடுவேன். அதுக்கப்புறம் என்ன செஞ்சாலும் ஏத்த முடியாது."

தம்பி மறுபடி குனிந்து, மருந்து படாத ஓரத்தில் மிச்சமிருந்த அரத்தின் கோடுகளைப் பார்த்தான். சாவகாசமாகப் பார்த்தான். அது அவன் தொழில்.

"கோடெல்லாம் இந்தப் பக்கமா சாய்ஞ்சிருக்கு. வலது கைக்காரங்க இப்படி இழுக்க முடியாது, கை உள்ளயே போகாது. இது இடது கை."

நிமிர்ந்தான். அங்கே நின்றவர்களில் ஏழெட்டுப் பேர் அவளிடம் வண்டி பழகினவர்கள். அந்த இடக்கையைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் ஒருவரும் அவள் பேரை எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

"அவசரமில்ல" என்றான். "யாராவது சொல்றாங்களான்னு பாப்போம்."

சொல்லிவிடு என்று அவளுக்கே தோன்றியது. சொன்னால் வண்டி என்ன ஆகும் என்றும் தோன்றியது. சொல்லாவிட்டால் யாரோ வெளி ஆள் என்று போகும், சாயங்காலத்துக்குள் இன்ஜின் வெள்ளை வண்டியில் ஏறும், மை காயும். பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

தம்பி காத்திருந்தான். நன்றாகவே காத்திருந்தான்.

"சரி, எழுதிக்குங்க சார். இந்த இன்ஜின் என்னோடது இல்ல. எங்க அக்காவோடது. ஒம்பது வருஷமா அவ சொல்லிட்டே இருந்தா, நான் ஒத்துக்கல. இப்ப நாலு பேர் முன்னாடி ஒத்துக்கறேன், அவளோடதுதான். தேச்சதும் அவதான். சொந்தக்காரரே தேச்சதுன்னு எழுதுங்க."

ஏட்டுக்காரர் அவளைப் பார்த்தார். "உண்மையாம்மா?"

"ஆமா."

அவர் ஸ்கேலை வைத்து இரண்டு பாதியின் மேலும் ஒரே கோடாக மையால் அடித்தார். கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

தம்பி அங்கேயே சட்டைக் கையை மடித்துவிட்டான். "மாமா, ஒரு கை பிடிங்க." பின்பக்கத் தகட்டைக் கழற்றி, அடியில் ஜாக்கி கொடுத்து, போல்ட்டுகளைக் கழற்றி இன்ஜினைக் கீழே இறக்கினார்கள். ஒரு மணி நேரம் ஆனது. அவனும் கணவருமாக அதைத் தூக்கிவந்து வெள்ளை வண்டிக்குப் பின்னால், தரையில் ஒரு சாக்கின் மேல் வைத்தார்கள். அவள் ஒன்பது வருடம் கேட்ட பொருள் காலடியில் எண்ணெய் கசிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கேட்டே, குடுத்துட்டேன்" என்றான். "இனிமே மாமாகிட்ட எதுவும் சொல்லி அனுப்பாதே. அவரு பாவம்."

அவன் வண்டி இப்போது வெறும் கூடு. வெளிவாசல் வரைக்கும் கொஞ்சம் ஏற்றம். அவன் கதவைத் திறந்து வைத்து, ஒரு கை ஸ்டியரிங்கிலும் தோள் கதவுச் சட்டத்திலுமாகத் தள்ளினான். கூட வந்திருந்த அவன் மனைவி பின்னாலிருந்து தள்ளினாள். பாதி ஏற்றத்தில் வண்டி நின்று, பின்னால் நழுவப் பார்த்தது. கூட்டத்தில் யாரும் நகரவில்லை. கிளட்ச் மேடம் ஓடிப்போய்ப் பின்பக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினாள். வண்டி நகர்ந்தது.

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. பளு குறைந்ததிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"கையை எடு" என்றான்.

அவள் இன்னும் இரண்டடி தள்ளினாள்.

"உன்னைத்தான். கையை எடு."

எடுத்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேருமாகவே வண்டியை மேலே ஏற்றிக் கொண்டுபோனார்கள்.